மணல் ரியூப் யாருடையது

வாகன மின் வேலைக்காரர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் போன மாதம் வீட்டுக்கு வந்தார். குறைந்த காசில் காருக்கு நல்ல சத்தம் பூட்டுவது எப்படி என்பது விடயம். இப்போது வரும் கார்களில் பெரிய தொடுதிரை கம்பனியிலேயே பூட்டி வருகிறது. பழைய கார் வைத்திருப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு நம்மவர்களிடம் வருகிறார்கள். நம்மவர்கள் ஒரு திரையை விற்றுப் பூட்டி அனுப்பிவிடுகிறார்கள். படம் தெரிகிறது, சத்தம் பழையபடியே தகரமாக இருக்கிறது. இது சங்கத்துக்குக் கெட்ட பெயர் என்றார் செயலாளர்.

"உங்களுக்கு எழுத்தும் வரும் அண்ணை, தொழிலும் தெரியும்" என்றார்.

உண்மைதான். இளவயதில் தென்மராட்சியிலிருந்து ஒரு பத்திரிகைக்கு ஏழு வருடம் பகுதிநேர நிருபராகச் செய்தி அனுப்பியிருக்கிறேன். விபத்து, பாடசாலை விளையாட்டுப் போட்டி, இடிந்த மதகு. பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே என்று அங்கே பழக்கினார்கள்.

தேநீர் குடித்து முடித்து எழும்பும்போது செயலாளர் சொன்னார்: "முதல் தவராசா அண்ணையிட்டைத்தான் போனனான். தனக்கு எழுத வராது, உங்களிட்டைப் போகச் சொன்னவர். அவரைப் பற்றியும் நாலு வரி போட்டுவிடுங்கோ."

நாலு வரி போதாது.

கேட்ட விடயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காசு கொஞ்சம் என்றால் ரேடியோச் செற்றை மாற்றாதீர்கள், ஸ்பீக்கரை மாற்றுங்கள். புது ஸ்பீக்கருக்கும் காசு இல்லை என்றால், வசதியானவர்கள் பெரிய ஸ்பீக்கர் பூட்டும்போது கழற்றி எறிகிற ஜப்பான் ஸ்பீக்கர்களைக் கேட்டு வாங்குங்கள். கடுதாசிக் கூம்பு கிழியாமல் இருந்தால் அவை கடையில் விற்கும் பளபளப்பான சாமான்களைவிட நல்லவை. பிறகு கதவைத் திறந்து உள்ளே இருக்கிற ஓட்டைகளை அடையுங்கள். ஓட்டை உள்ள கதவு ஓட்டைப் பானை மாதிரி. அம்பிளிபயர் கடைசி. இவ்வளவும் என் கண்டுபிடிப்பு அல்ல. தவராசாவைப் பார்த்துத்தான் நானும் படித்தேன். அதைச் சொல்ல எனக்குப் பதினைந்து வருடம் எடுத்திருக்கிறது.

நான் வயர்க்காரன். கொழும்பில் ஒரு கராஜில் மூன்று வருடம் பழகினேன். பிறகு ஊருக்கு வந்தேன். மின்சாரம் இல்லாத வருடங்களில் சைக்கிள் டைனமோவில் ரேடியோ ஓடவைத்துக் கொடுத்தேன். பாதை திறந்து வாகனங்கள் வரத் தொடங்கியபோது யாழ்ப்பாணம் நகரில், காருக்கு ரேடியோ பூட்டுகிற சின்னராசா முதலாளியின் கடையில் சேர்ந்தேன். தினமும் சாவகச்சேரியிலிருந்து பஸ். கடையில் எல்லா வயர் வேலையும் என்னுடையது.

முதலாளி கதை குறைவு. ஒரு வேலை முடிந்ததும் அவரே வந்து கேட்டுப் பார்ப்பார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, பின் சீற்றின் நடுவில் ஏறி இருந்து, கண்ணாடிகளை ஏற்றச் சொல்லுவார். பாட்டுப் போட விடமாட்டார். காலையில் ரேடியோவில் வரும் மரண அறிவித்தலைத்தான் போடச் சொல்லுவார். அந்த நேரத்தில் பதிந்து வைத்த ஒரு கசற்றும், பின்னாளில் ஒரு பென் டிரைவும் மேசை லாச்சிக்குள் எப்போதும் இருக்கும்.

"பாட்டு ஆரையும் ஏமாத்தும்" என்பார். "செத்தவற்றை பேர், ஊர், தகனம் எத்தினை மணி. இது மூண்டும் பக்கத்திலை இருந்து ஆள் சொல்லுறமாதிரி இருக்க வேணும். எங்கடை சனம் காரிலை ரேடியோ போடுறது உதுக்குத்தான்."

வெறுங்காலைத் தரையில் ஊன்றி இருப்பார். தகரம் எங்கே அதிர்ந்தாலும் பாதத்துக்குத் தெரிந்துவிடும். திருப்தி என்றால் இறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டு, சாவியை வேலை செய்தவன் கையில் கொடுப்பார். அவன்தான் வாடிக்கையாளரிடம் சாவி கொடுக்க வேண்டும். அதுதான் அந்தக் கடையின் பாராட்டு. வேறு பாராட்டு கிடையாது.

மூன்றாவது வருடம் தவராசா வந்து சேர்ந்தான். சங்கத்தில் எல்லோரும் அவனை 'அவர்' என்கிறார்கள். என்னைவிட ஏழு வயது இளையவன், அவன் என்றே எழுதுகிறேன். தொண்டைமானாற்றுக்காரன். கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிற ஒருவரோடு திரிந்தவன். சோதனை எதுவும் பாஸ் பண்ணியதில்லை. சேர்ந்த முதல் நாள், பூட்ட நின்ற காரின் கதவை விரல் மொளியால் நாலு இடத்தில் தட்டிப் பார்த்தான். எதையும் பூட்டாமல் கதவின் உள்தட்டியைக் கழற்றி, கூரைக்கு ஒட்டும் தார்த் துண்டுகளைச் சூடுகாட்டி உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தான். அரை நாள் போய்விட்டது. முதலாளி ஏசப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். மாலையில் அவர் செருப்பைக் கழற்றினார், ஏறினார், கேட்டார். சாவியை அவன் கையில் கொடுத்தார். முதல் நாளே.

அந்தக் காருக்குப் பற்றறியிலிருந்து புது வயர் இழுத்தவன் நான்.

வயர் வேலையின் குணம் அது. என் இணைப்புகள் எல்லாம் ஈயம் பற்றவைத்தவை. பற்றறியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்கும். ஒவ்வொரு வயரிலும் துணி ரேப்பில் அடையாளம் எழுதியிருக்கும். டாஷ்போர்ட்டை மூடியதும் இவ்வளவும் மறைந்துவிடும். என் வேலை சரியாக இருந்தால் அதை ஒருவரும் கேட்க முடியாது. கேட்டால் அது பிழை. தவராசாவின் வேலையைத்தான் எல்லோரும் கேட்டார்கள்.

பண்டத்தரிப்பிலிருந்து ஒரு வான்காரர் வந்தார். எஞ்சின் வேகம் கூடக்கூட ஸ்பீக்கரில் நுளம்பு மாதிரி ஒரு கீச்சுச் சத்தம். இரண்டு நாள் அந்தச் சத்தத்தைத் துரத்தினேன். கடைசியில் சீற்றுக்குக் கீழே, பெயின்ரின் மேல் பூட்டியிருந்த ஓர் ஏர்த் வயரைக் கண்டுபிடித்து, பெயின்ரைச் சுரண்டிப் பூட்டினேன். கீச்சு நின்றது. மூன்றாம் நாள் வான்காரர் வாழைக்குலை ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்.

"தவம் நிக்கிறாரோ? உந்தக் கீச்சு நிண்டிட்டுது. கைராசிக்காரன்!"

"நான் ஒண்டும் செய்யேல்லை அண்ணை, கணேசண்ணைதான்" என்றான் தவராசா.

"சும்மா இரும். நீர் தொட்டாப் பிறகுதானே நிண்டது."

குலையைக் கடையில் எல்லோருக்கும் பிரித்தார்கள். எனக்கு ஒரு சீப்புத் தந்தான். அவன் பொய் சொல்லவில்லை, என் உழைப்பை எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஒரு குற்றம் கண்டுபிடிக்க எவ்வளவோ பார்த்தேன், கிடைக்கவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அடுத்த வருடம் முதலாளி சாவகச்சேரியில் இரண்டாவது கடை திறக்கப்போவதாகச் சொன்னார். எங்கள் இருவரில் ஒருவர் பொறுப்பு. எனக்கு வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம். வயதில் மூத்தவன், கடைக்கும் மூத்தவன். ஆனாலும் முதலாளி என் பெயரைச் சொல்லவில்லை. "ஒரு வேலை வருகுது. ரெண்டு பேரும் செய்யுங்கோ. பேந்து சொல்லுறன்" என்றார்.

அந்த வேலை மார்க்கண்டு அண்ணையின் பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார். அவர் சாவகச்சேரி ஹயர் கார்க்காரர். கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் ஓடுகிறவர். கையில் கொஞ்சக் காசு. ஒரு சின்னச் செற்றுக்கும் இரண்டு ஸ்பீக்கருக்கும்தான் காணும். இந்தக் காசுக்கு இந்தக் காரில் நல்ல சத்தம் வந்தால் சாவகச்சேரி முழுக்க அதுவே விளம்பரம் என்பது முதலாளியின் கணக்கு. வயர் எனக்கு, சத்தம் தவராசாவுக்கு.

பொனற்றைத் திறந்தவுடனேயே கண்டேன். அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார்கள் பலவற்றில் பற்றறியின் பிளஸ் முனைதான் காரின் உடலோடு சேர்ந்திருக்கும். இப்போதைய செற்றுகளுக்கு மைனஸ்தான் உடலோடு சேர வேண்டும். தெரியாமல் பூட்டினால் செற் அந்த இடத்திலேயே எரியும். சிலர் செற்றை ரப்பரில் சுற்றித் தொங்கவிட்டுச் சமாளிப்பார்கள். ஒரு நாள் ஏரியல் உடலைத் தொடும், அன்றோடு சரி.

நான் காரையே மாற்றினேன். பற்றறியைக் கழற்றித் திருப்பி வைத்தேன். இக்னிஷன் கொயிலின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றினேன். டைனமோவின் சிறிய முனையிலிருந்த வயரைக் கழற்றி, பற்றறியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு துண்டு வயரால் அந்த முனையை ஒரு கணம் தொட்டு எடுத்தேன். ஒரு பொறி பறந்தது. அதோடு டைனமோ தன் திசையை மாற்றிக்கொள்ளும். பிறகு எஞ்சினைப் போட்டு, சார்ஜ் ஏறுகிறதா என்று மீற்றரில் பார்த்தேன். ஏறியது. டைனமோவின் இரைச்சல் செற்றுக்குள் வராமல் ஒரு கொண்டென்சரும் பூட்டினேன். இரண்டு நாள் வேலை. முடிந்ததும் செற்றை முழுச் சத்தத்தில் வைத்து, ஒன்றும் போடாமல், எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. என் தொழிலில் அதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை.

தவராசா, கழற்றின ஜப்பான் ஸ்பீக்கர் இரண்டை எடுத்தான். அந்தக் காரின் கதவு ஒடுங்கியது. கண்ணாடியை இறக்கினால் ஸ்பீக்கரின் காந்தத்தில் இடிக்கும். அதனால் பின் சீற்றுக்குப் பின்னால் உள்ள தட்டில் வெட்டிப் பூட்டினான். டிக்கியே ஸ்பீக்கர்ப் பெட்டியாகிவிட்டது. சாக்கைத் தைத்துத் தட்டின் அடியில் விரித்தான். அன்று மாலை எஞ்சின் ஓடாமல் கொஞ்ச நேரம் போட்டுப் பார்த்தோம். அறிவிப்பாளர் பின் சீற்றில் எங்களுக்கிடையில் இருந்து வாசித்தார். நான் எழும்பி வெளியே போய்விட்டேன். சாவி யார் கைக்குப் போகும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் போனேன். கடைச் சாவி ஒன்று என்னிடமும் இருந்தது. ஸ்பீக்கர்கள் இரண்டும் ஒரே நேரத்தில் முன்னே தள்ளி, ஒரே நேரத்தில் பின்னே இழுக்க வேண்டும். ஒன்றின் வயர்கள் மாறினால், ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். தடித்த சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும். குரலுக்கு உடம்பு இருக்காது, எங்கிருந்து வருகிறது என்றும் தெரியாது. ஸ்பீக்கரில் மாற்ற முடியாது, அதன் இரண்டு முனைகளும் வேறு வேறு அகலம். செற்றுக்குப் பின்னால், என் துணி ரேப்பை அவிழ்த்து, இடது பக்க வயர்கள் இரண்டையும் மாற்றிப் பற்றவைத்து, திரும்பச் சுற்றினேன். எட்டு நிமிடம். அடையாளத் துண்டுகளையும் மாற்றி ஒட்டினேன்.

முதலாளி வந்தார். ஏறினார். கண்ணாடிகள் ஏறின. மரண அறிவித்தல் ஓடியது.

"தவம், உவர் எங்கை இருந்து கதைக்கிறார்? கிணத்துக்குள்ளை இருந்தோ?"

தவராசா உள்ளே தலையை நீட்டினான். அவன் முகத்தை நான் கவனமாகப் பார்த்தேன். முதலில் சிரித்தான், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"நேற்று நல்லா இருந்தது முதலாளி. ஒரு நிமிசம் தாங்கோ."

அவனுக்கு இது புரியாமல் இல்லை. உடனே ரோச் பற்றறி ஒன்றை எடுத்து, ஸ்பீக்கர் முனைகளில் தொட்டுப் பார்த்தான். இரண்டு கூம்பும் வெளியே தள்ளின. ஸ்பீக்கரில் பிழை இல்லை.

"வயரைப் பாத்தீரோ?" என்றார் முதலாளி.

"அது கணேசண்ணை பூட்டின வயர் முதலாளி. அதிலை பிழை வராது. நான் வந்த நாளிலையிருந்து ஒரு கீறல் சத்தம் கேட்டிருப்பமோ? எத்தினை கடையிலை நிண்டனான், உவரைப்போல ஒரு கையைக் காணேல்லை. பிழை என்ரை பக்கம்தான்."

நான் மூன்றடி தள்ளி நின்றேன். இப்படி ஒரு வார்த்தையை முதலாளிக்கு முன்னால் யாராவது சொல்ல மாட்டார்களா என்று நான் காத்திருந்த வருடங்கள் பல. என் வேலையை ஒருவன் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். அப்போதே, பொறும் தம்பி, ஒருக்கால் பார்ப்பம் என்று சொல்லியிருக்கலாம். முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை நன்றாக இருந்தது.

தவராசா தட்டை முழுவதும் கழற்றினான். சாக்கைப் பிரித்து வேறு மாதிரித் தைத்தான். வேறு ஸ்பீக்கர் போட்டான். மதியம் சாப்பிடவில்லை. பின்னேரம் மார்க்கண்டு அண்ணை அடுத்த நாள் கலியாண ஓட்டம் இருக்கிறது என்று காரைக் கேட்டார். முதலாளியே சாவியை நேராக அவரிடம் கொடுத்தார். பிறகு என்னிடம் வந்து, "சாவகச்சேரியை நீர் பாரும்" என்றார்.

கடை திறந்த முதல் வாரமே மார்க்கண்டு அண்ணை வந்தார். "சத்தம் சரியில்லைக் கணேசு, ஒருக்கால் பாரும்." டாஷ்போர்ட்டுக்குக் கீழே படுத்து, ரேப்பை அவிழ்த்து, வயர்களை முன்பிருந்தபடி மாற்றினேன். அவர் சீற்றில் துள்ளி இருந்தார்.

"அட கடவுளே! தவம் ஒரு நாள் முழுக்க மாரடிச்சது. நீர் பத்து நிமிசம்!"

சந்தையிலும் நீதிமன்ற வாசலிலும் அவர் இதைச் சொல்லித் திரிந்தார். சாவகச்சேரியில் எனக்கு வந்த பெயர் அங்கிருந்துதான் தொடங்கியது.

கதை யாழ்ப்பாணத்துக்கும் போயிருக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தவராசா பஸ்ஸில் வந்து இறங்கினான்.

"அண்ணை, என்ன பிழை இருந்தது? எனக்குச் சொல்லித் தாங்கோ. எத்தினை நாளா யோசிக்கிறன், பிடிபடுகுதில்லை."

மேசையில் என் சைக்கிளுக்கு வாங்கிய ரியூப் கிடந்தது. வாசலில், சுவர் பூசக் கொண்டுவந்த மணல் குவிந்து கிடந்தது. என் கண் இரண்டிலும் பட்டது.

"தட்டுத்தான் தம்பி. தகரம் அதிருது. சைக்கிள் ரியூப்புக்குள்ளை மணலை நிரப்பி, ஸ்பீக்கரைச் சுத்தித் தட்டுக்குக் கீழை கட்டினன். அவ்வளவுதான்."

அவன் ரியூப்பைக் கையில் எடுத்துப் பார்த்தான். பிறகு கேட்டான்: "என்ன மணல் அண்ணை?"

"குருமணல்."

"இறுக்கி நிரப்பினதோ?"

"முக்கால்வாசி."

"பெரிய ஆள் அண்ணை நீங்கள்" என்று சொல்லி, தேநீரும் குடிக்காமல் அடுத்த பஸ்ஸில் போய்விட்டான்.

சொன்னதைச் செய்தான். முதலில் கட்டியதில் ஈரம் இருந்து தகரம் துருப்பிடித்ததாம். மணலை அரித்து, கடலை வறுக்கிற மாதிரிச் சட்டியில் வறுத்து நிரப்பினான். ஒரு பக்கம் சரியாமல் இருக்க, ஒரு சாணுக்கு ஒரு கட்டுப் போட்டான். வறுத்த மணல் ரியூப் கீரிமலை வரை போயிற்று. வேறு கடைக்காரர்கள் பார்க்க வந்தார்கள். 'தவம் ரியூப்' என்று பெயரும் வந்துவிட்டது. முதலாளி மகளோடு இருக்கக் கொழும்புக்குப் போனபோது பெரிய கடையை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் சூது செய்து எடுத்தது சின்னக் கடை. என் கடையைத் தாண்டி, ஏ-9 வீதியால் அவனிடம் போகிற வான்களை எண்ணுவது எனக்கு வழக்கமாயிற்று. என் கடையில் நின்றவர்களும் கேட்டது ஒன்றுதான்: "உங்கை தவம் ரியூப் போடுவியளோ?" போட்டேன். ஓய்வு பெறும்வரை, நம்பாமல், மணலை வறுத்துப் போட்டேன்.

செயலாளர் கட்டுரை கேட்டபோது நான் ஒப்புக்கொண்டது ஒரே ஒரு காரணத்துக்காக. மணல் ரியூப் வீண்வேலை, இனிப் போடாதீர்கள் என்று எழுத வேண்டும். அதற்கு முன், பத்திரிகைப் பழக்கத்தில், பரிசோதித்துப் பார்த்தேன். என் பழைய காரின் பின்தட்டில் ரியூப்பைக் கட்டியும் கழற்றியும் போட்டேன். எது எப்போது என்று சொல்லாமல் மனைவியைப் பின் சீற்றில் இருத்தினேன்.

"இது நல்லாயிருக்கு" என்றாள். கழற்றினேன். "இப்ப தகரம்." கட்டினேன். "இப்ப நல்லாயிருக்கு. ஏனப்பா, முகம் உப்பிடிப் போகுது?"

எத்தனை முறை மாற்றினாலும் அவள் பிழை விடவில்லை. கடைசியில் நானே இருந்து கேட்டேன். தட்டு அதிரவில்லை. வாசிப்பவரின் குரலுக்குக் கீழே இருந்த ஒரு கரகரப்பு போயிருந்தது. நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவன் அதை அரித்து, வறுத்து, கட்டுப்போட்டு, உண்மையாக்கி வைத்திருக்கிறான்.

அச்சில் வருவதற்கு முன் அவனிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று போன கிழமை பஸ் ஏறினேன். கடை வாசலில் மூன்று வான்கள் நின்றன. உள்ளே இருந்து யாரோ "தவம் அண்ணை, எங்கடையை முதல் பாருங்கோ" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். ஆகவே தம்பி, நீ இதை மற்றவர்களோடு சேர்ந்துதான் வாசிக்கிறாய். அன்று உன் வேலையில் பிழை இருக்கவில்லை. என் வயரில்தான் இருந்தது. நானே வைத்தது.

மற்றவர்களுக்கு: மணல் ரியூப்பைப் போடுங்கள். மணலை வறுத்தே போடுங்கள். வறுத்தவன் தவராசா. ரியூப்பும் மணலும் நான் சொன்னவை. சங்கம் அதற்கு ஒரு பெயர் வைப்பதென்றால் இரண்டு பெயரும் வரட்டும்.